அந்தப் பணம் யாருக்குப் போனது?

2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ சுமார் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு விலைபோனது. நம் பணத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய். நவீன இந்திய ஓவியம் எதற்கும் அதுவரை ஏலத்தில் கிடைத்திராத தொகை. பத்திரிகைகள் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதைப் படித்தால் முதலில் என்ன கேட்கும்? “அந்தப் பணமெல்லாம் ஹுசைனுக்கா?” என்றுதான்.

இந்தக் கேள்விக்கு நம் பள்ளிகளில் பதில் சொல்ல ஆளில்லை. ஓவிய வகுப்பில் வண்ணக் கலவையும் நிழல் தீட்டுவதும் உண்டு. பொருளியல் வகுப்பில் தேவை, அளிப்பு என்று இரண்டு கோடுகள் போடுவார்கள். ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பொருளுக்கு அந்தக் கோடுகள் அவ்வளவாக உதவாது. ஒரு படம் ஓவியரின் அறையை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது எந்த வகுப்புக்கும் சொந்தமில்லாத பாடமாக நிற்கிறது.

பதில் எளிது. ஹுசைன் 2011இலேயே காலமாகிவிட்டார். 1954இல் அந்தப் படத்தை வாங்கியவர் லியோன் எலியாஸ் வொலொதார்ஸ்கி என்ற மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் பணிக்காக டெல்லிக்கு வந்திருந்த அவர் கொடுத்தது சுமார் 1,400 ரூபாய். நார்வேக்குக் கொண்டுபோய், 1964இல் ஆஸ்லோ மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். பல பத்தாண்டுகள் அது அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வராத ஒரு தாழ்வாரத்தில் தொங்கியது. ஏலத்தில் வந்த பணம் அந்த மருத்துவமனைக்குப் போனது, மருத்துவர்களின் பயிற்சிக்காக. இடையில் ஏல நிறுவனத்துக்குக் கமிஷன். செய்தியில் வரும் தொகையில் சுத்தியல் விழுந்த விலையோடு வாங்கியவர் தனியாகக் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பீடு 25 முதல் 35 லட்சம் டாலர். அதைத் தாண்டி ஒரு கோடிக்கு மேல் ஏற, விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் இருந்தால் போதும்.

ஹுசைன் குடும்பத்துக்கு ஏதும் உரிமை இல்லையா என்பது அடுத்த கேள்வி. பிரான்ஸ் 1920இலேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் கொண்டுவந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1994 திருத்தத்தில் சேர்ந்தது. ஓவியமோ சிற்பமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. அது பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் ஏட்டுச் சுரைக்காய்தான். நியூயார்க்கிலோ அப்படி ஒரு சட்டமே இல்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பகிரங்கமாக வெடித்தது 1973இல். டாக்சி நிறுவனம் நடத்திய ராபர்ட் ஸ்கல் தன் சேகரிப்பிலிருந்து ஐம்பது படைப்புகளை ஏலத்தில் விட்டார். 900 டாலருக்கு வாங்கிய ராபர்ட் ரவுஷன்பர்க்கின் ‘தா’ (Thaw) என்ற படம் 85,000 டாலருக்குப் போனது. ஏலம் முடிந்ததும் ரவுஷன்பர்க் ஸ்கல்லை நேருக்கு நேர் பிடித்துக்கொண்டார். உங்கள் படங்களின் விலையும்தானே இதனால் ஏறும் என்பது ஸ்கல்லின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனாலேயே வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுவதற்கு இதைவிட நல்ல வழக்கு கிடையாது.

பாடமாக வைப்பதற்கு நான் முதலில் எடுப்பது கலைஞர் ஹான்ஸ் ஹாக்கெ 1974இல் செய்ததைத்தான். ஜெர்மனியின் கொலோன் நகர அருங்காட்சியகத்தில் எதுவார் மனே 1880இல் வரைந்த ‘ஆஸ்பரகஸ் கட்டு’ என்ற சிறிய படம் இருக்கிறது. கீரைத்தண்டு போன்ற காய், ஒரு கட்டு, அவ்வளவுதான். அதன் பிறப்பிலேயே ஒரு கதை உண்டு. மனே கேட்டது 800 ஃபிராங்க். வாங்கிய சார்ல் எஃப்ருசி 1,000 அனுப்பினார். உங்கள் கட்டில் ஒன்று குறைகிறது என்ற குறிப்போடு மனே ஒற்றைத் தண்டு வரைந்த இன்னொரு சின்னப் படத்தை அனுப்பிவைத்தார். புரவலருக்கும் ஓவியருக்கும் இடையே கணக்கு இவ்வளவு இதமாகத் தீர்வது அபூர்வம்.

ஹாக்கெ செய்தது இது: அந்தக் கட்டு யார் யார் கைக்கு மாறியது என்று தேடி, ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு பலகை எழுதினார். என்ன தொழில், யாருடைய வாரிசு, தெரிந்த இடத்தில் என்ன விலை. யூத ஓவியர் மாக்ஸ் லீபர்மான் பெயர் நடுவில் வருகிறது. நாஜி ஆட்சி வந்ததும் குடும்பம் சிதறி, படம் கடல் கடந்துவிடுகிறது. கடைசிப் பலகையில், அருங்காட்சியகத்துக்காக நிதி திரட்டிப் படத்தை வாங்கிக்கொடுத்த நண்பர்கள் சங்கத்தின் தலைவர் ஹெர்மான் யோசஃப் ஆப்ஸ். ஹிட்லர் காலத்திலும் அதற்குப் பின்னும் அவர் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் வகித்த பதவிகளை ஹாக்கெ வரிசையாக எழுதியிருந்தார். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டது.

இந்த வேலையைப் பிள்ளைகளே செய்யலாம். படம் ஒன்று, பெயர்கள் ஐந்தாறு, ஆண்டுகள், விலைகள். கூகுளும் ஏல நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களும் போதும். இதைச் செய்து முடித்த பிள்ளைக்கு முதல் விற்பனை எது, மறுவிற்பனை எது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

திரைப்படங்களும் உதவும். ‘தி பிரைஸ் ஆஃப் எவ்ரிதிங்’ (2018) நன்றாக எடுக்கப்பட்டது. ஆனால் அதைப் பார்த்தால் கோடீஸ்வரர்கள் மட்டுமே படம் வாங்குவார்கள் என்று தோன்றும். பதின்பருவத்தினருக்கு ‘ஹெர்ப் அண்ட் டோரதி’ (2008) மேல். தபால் துறை ஊழியர் ஒருவர், அவர் மனைவி நூலகர். மனைவி சம்பளத்தில் குடும்பம், கணவர் சம்பளத்தில் படங்கள். நியூயார்க்கில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாலாயிரத்துக்கும் மேல் சேர்த்து, வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் எப்படியும் சுவரில் டேப்பால் ஒட்டிய கத்தெலானின் வாழைப்பழத்தைக் கேட்பார்கள்: 2024இல் 62 லட்சம் டாலர் கொடுத்து வாங்கப்பட்டது சான்றிதழும் செய்முறைக் குறிப்பும்தான், பழம் அழுகினால் வேறு வாங்கி ஒட்டலாம். இதில் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

புரவலர்களைப் பற்றிய பாடத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே வர வேண்டும். விஞ்ஞானி ஹோமி பாபா, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க நேருவிடம் அனுமதி வாங்கினார். ஹுசைனின் சுவரோவியம் அங்கே வந்தது அப்படித்தான். ஏர் இந்தியா 1967இல் சால்வடோர் தாலியிடம் சாம்பல் கிண்ணம் வடிவமைத்து வாங்கி, கூலியாக ஒரு யானைக்குட்டியைக் கொடுத்தது. மறுபக்கம் சாக்லர் குடும்பம்: போதை தரும் வலிநிவாரணி விற்ற பணத்தில் அருங்காட்சியகங்களுக்கு அள்ளிக்கொடுத்தவர்கள். நேன் கோல்டின் என்ற புகைப்படக் கலைஞர் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு லூவர் 2019இலும் நியூயார்க் மெட்ரோபாலிடன் 2021இலும் அவர்கள் பெயரை எடுத்தன. பெயர்ப்பலகையைப் படிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

நம் ஊரில் இதைத் தொடங்க சென்னை ஈஞ்சம்பாக்கம் போதும். ஓவியத்தை மட்டும் நம்பிச் சோறு தின்ன முடியாது என்று தெரிந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில் அங்கே கடற்கரையோரம் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். புரவலர் இல்லாததால் தாங்களே புரவலரானவர்கள். ஆனாலும் எல்லோரும் தப்பவில்லை. அங்கிருந்த கே. ராமானுஜம் கன்னிமாரா ஹோட்டலுக்குப் பெரிய ஓவியங்கள் வரைந்தார். முப்பதுகளின் தொடக்க வயதிலேயே, 1973இல் இறந்தார். அவர் படங்கள் இன்று லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. நம் பத்திரிகைகளும் ஒரு வகைப் புரவலர்களே. எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடரோடு ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைப் பார்த்துப் பழகிய வாசகர்கள் காலரிப் படி மிதிக்காமலே நவீன ஓவியத்தை அறிந்தவர்கள்.

காலரிக் கணக்கையும் அங்கேயே ஒரு ஓவியரிடம் நேரில் கேட்கலாம். ஒரு லட்சத்துக்குப் படம் விற்றால் காலரிக்குப் பாதி என்பது உலக வழக்கு. மூன்றில் ஒரு பங்கோடு நிற்பவர்களும் இங்கே உண்டு. மிச்சத்தில் கேன்வாஸ், வண்ணம், சட்டம், வண்டிக் கூலி, வாடகை போக என்ன நிற்கும் என்று அவரே சொல்வார். ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பிள்ளைகளைச் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போகும்போது பொருளியல் ஆசிரியரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.