மண்சாந்தும் மருந்தும்

பாப்பாமோட்டை முதலிய மன்னார்க் கரையூர்களில் மண்சுவர் எழுப்பி வாழ்ந்தோர் அதன் இயல்பை நன்கறிவர். மண் ஈரத்தை ஏற்கும். வெயிலில் அதனை விடும். பூச்சு உதிர்ந்தால் புதுமண் குழைத்து மெழுகுவர், குறை தீரும். ஆயின், அப்பூச்சின்மேற் பழைய ஓவியம் இருப்பின் என்செய்வது? மீண்டும் மெழுகுதல் இயலாது. உள்ளதையே உறுதிப்படுத்தல் வேண்டும். அதற்கென வந்த இரசாயன உறுதியூட்டிகளை எவ்வளவைகொண்டு மதிப்பிடுவது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அசந்தாக் குகைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அங்குள்ள ஓவியங்கள் உமியும் தாவர நாரும் கலந்த மண்சாந்தின்மேல் எழுந்தவை. 1920 முதல் 1922 வரை ஐதராபாத்து நிசாம் அரசின் சார்பிற் பணிபுரிந்த செக்கோனி, ஓர்சினி என்னும் இத்தாலியர் இருவர், கழன்ற சாந்தைச் சுவரோடு பிணைத்தனர். அது நற்பணியே. எனினும், ஓவியங்களின்மேல் அரக்கு மெருகும் பூசினர். ஆண்டுகள் செல்ல அம்மெருகு மஞ்சளித்துக் கருகியது. பின்வந்த இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையினர் அதனை அகற்றப் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

அவ்விருவர்க்கும் அக்கறை இல்லாமற் போகவில்லை. பூசிய நாளின் பொலிவு நாளைய நிலைக்குச் சான்றாகாது என்பதே அவர்தம் பணி தரும் படிப்பினை.

உறுதியொன்றையே அளவாகக் கொள்வதும் இத்தகைய தவறே. மண்சாந்து நுண்டுளைகளால் மூச்சுவிடுவது. பிசின் அத்துளைகளை அடைப்பின் ஈரம் பின்னே தங்கும். அதில் கரைந்த உப்பு அங்கே படிகமாகும். இறுகிய மேற்றோல் ஓவியத்தோடு கழன்று வீழும். எதைல் சிலிக்கேற்று என்னும் திரவமோ உட்புகுந்து, ஈரத்தோடு வினைப்பட்டு, சிலிக்காவை விட்டுச் செல்லும்; துளைகளைப் பெரும்பாலும் அடைப்பதில்லை. ஆயினும், கழன்ற படலத்தை அது மீள ஒட்டாது; ஒருமுறை இட்டபின் மீட்டெடுக்கவும் இயலாது.

நிற்க. 1980களில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள செல்டன் கோட்டையில், பச்சைச் செங்கல்லாற் சோதனைச் சுவர்கள் எழுப்பி, மருந்திட்டு, வெயிலிலும் மழையிலும் விட்டு நோக்கினர். அதுவே முறை. பழஞ்சுவரைத் தொடுமுன் அதனையொத்த மண்ணிற் சோதித்தல் வேண்டும். ஒரு நாளன்று, பல பருவங்கள் நோக்கல் வேண்டும்.

இரசாயனம் பயில்வோர் இதனைச் சிறிதளவிற் செய்து காணலாம். பாப்பாமோட்டை மண்ணும் உமியும் குழைத்து இரு கட்டிகள் செய்து, ஒன்றிற்கு மட்டும் பிசின் பூசி, இரண்டையும் உப்புநீர் ஊறும் மணலில் நிறுத்துக. சில திங்களில் எது உதிர்கின்றது, எவ்வாறு உதிர்கின்றது என்பதைக் கண்ணாற் காணலாம். சோதனைக் கட்டி பாழாயின் வேறொன்று செய்யலாம். ஓவியம் பாழாயின் மாற்றில்லை.