இஸ்கந்தர் ஜலீலின் மட்கலங்கள்

சிங்கப்பூர்க் குயவர் இஸ்கந்தர் ஜலீலின் மட்கலங்களைச் சப்பானிய மரபின் நீட்சி எனக் கூறி அமைதல் வழக்கமாகிவிட்டது. 1940இல் பிறந்து, கணித அறிவியல் ஆசிரியராய்ப் பணியாற்றிய அவர் 1972இல் கொழும்புத் திட்ட உதவியுடன் தாஜிமி நகரில் பயின்றார் என்பது உண்மையே. கரடான மேற்பரப்பும் கெண்டிக்குப் பிடியாகும் மரக்குச்சியும் அப்பயிற்சியை உணர்த்துவன. எனினும், கலத்தில் பொறித்த ஜாவி எழுத்தையும் அவர் பெயராலேயே வழங்கும் நீல மெருகையும் அம்மரபுக்குள் அடக்குதல் இயலாது.

அவர் வற்புறுத்துவது பயன்பாட்டையே. தமிழ் கற்போர்க்கு இது புதிதன்று. புறநானூற்று 256ஆம் பாடலில், தலைவனை இழந்தவள் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையக் குயவனை வேண்டுகிறாள். அங்குக் கலத்தின் அளவை வகுப்பது கொள்வோரின் தேவை, குயவனின் புகழன்று.

புகழோ இவரைத் தேடி வந்தது. 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். தஞ்சோங் பகார் பெருவிரைவு ரயில் நிலையத்தில் அவர்தம் படைப்பு இடம்பெற்றது. 2016இல் தேசியக் கலைக்கூடம் தனிக் கண்காட்சி நடத்தியது. காட்சிக்கு வைத்த கெண்டியில் எவரும் தேநீர் ஊற்றுவதில்லை. இம்முரணைத் திறனாய்வாளர் பலர் பாராட்டுரையால் மூடிவிடுகின்றனர். நம் நோக்கில், அவர்தம் சிறு கலங்களே அவர் கொள்கைக்கு உண்மையானவை. பெருங்கலங்கள் சிலவற்றில் குச்சிப்பிடி கைக்காகவன்றிக் கண்ணுக்காகவே நிற்கிறது.