நடவுத் தடையும் பால்மரப் படிமமும்: மலேசியத் தமிழ் நாவல் திறனாய்வில் ஒரு விடுபாடு

முன்னுரை

மலேசியத் தமிழ் நாவல் பற்றிய திறனாய்வில் பால்மரம் நிலைத்த படிமமாகிவிட்டது. மரத்தின் பட்டை கீறப்படுவதும் தொழிலாளியின் உழைப்பு உறிஞ்சப்படுவதும் ஒன்றற்கொன்று உவமையாக எடுத்துக்காட்டப்படுகின்றன. இவ்வுவமை பொய்யன்று. ஆயின், அது தொழிலாளியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, அம்மரத்தை நடும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாவை எழாமற் செய்துவிடுகிறது. 1934ஆம் ஆண்டில் மலாயாவில் இரப்பரைப் புதிதாக நடுவதற்கே அரசு தடை விதித்தது. அத்தடையைக் கருதாமல் தோட்ட நாவல்களைப் பயில்வதால் நேரும் குறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையின் இயல்பு

முதலாம் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை சரிந்தபோது, ஸ்டீவன்சன் திட்டம் எனப்படும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை. அங்குள்ள சிறுதோட்டக்காரர் விலையேற்றத்தின் பயனைத் தாம் அடைந்து, நடவையும் பெருக்கினர். 1928இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் விலையை மீண்டும் வீழ்த்தவே, 1934 மே 7ஆம் நாள் பன்னாட்டு இரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகியவை இதில் இணைந்தன.

முந்தைய திட்டத்தினும் இது ஆழமானது. ஏற்றுமதிக்குப் பங்கு வகுத்ததோடு, புதுநடவையும் இது தடுத்தது. விதையும் ஒட்டுக்கிளையும் ஒப்பந்தத்திற்கு வெளியிலுள்ள நாடுகளுக்குச் செல்லக்கூடாதென விலக்கியது. மறுநடவு மட்டும், 1938 இறுதிவரை, இருக்கும் பரப்பில் 20 விழுக்காட்டு அளவிற்கு ஒப்பப்பட்டது.

சொல்லளவில் இவ்விதி அனைவருக்கும் பொதுவானது, விளைவில் அவ்வாறில்லை. கன்று நட்டுப் பால் காண ஆறேழு ஆண்டுகளாகும். ஆயிரம் ஏக்கர் உடைய கம்பெனி, ஒரு பகுதியை அழித்து உயர்விளைச்சல் ஒட்டுக்கன்று வைத்து, எஞ்சிய பகுதியின் வருவாயில் காத்திருக்க இயலும். மூன்று ஏக்கர் உடையவர் மரத்தை வெட்டினால் அன்றே அடுப்பு அணையும். அவர் முன்னேறும் வழி, பக்கத்து நிலத்தில் புதிதாய் நடுவது ஒன்றே, அவ்வழியே அடைபட்டது. ஏற்றுமதிக்குரிய கூப்பனும் நின்றுகொண்டிருந்த மரத்தின் கணக்கில்தான் வழங்கப்பட்டது. அக்கணக்கிலும் சிறுதோட்டங்களின் விளைச்சல் குறைத்தே மதிப்பிடப்பட்டதெனப் பொருளியல் அறிஞர் பி. டி. பாவர் 1948இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். சுருங்கக் கூறின், மரம் உடையவருக்குப் பங்கு உண்டு. மரம் இல்லாதவருக்குப் பங்கும் இல்லை, மரம் வைக்கும் உரிமையும் இல்லை.

குவாலா லங்காட் வட்டாரம்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்த தெலுக் பங்லிமா காராங், இவ்வினாவை நிலத்தின்மேல் வைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற ஊராகும். ஊரை அடுத்துள்ள கேரித் தீவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைத் தோட்டமாக்கிய எட்வர்ட் வாலன்டைன் கேரியின் பெயரைத் தாங்கியது. இவ்வட்டாரத்தில் ஒரு புறம் கம்பெனித் தோட்டங்களும் தமிழர் லயங்களும், மறுபுறம் சாவகத்திலிருந்து வந்து குடியேறியோரின் தென்னையும் காப்பியும் இரப்பரும் கலந்த கம்பத்து நிலங்களும் அமைந்தன. இன்று கேரித் தீவில் செம்பனை நிற்கிறது. தெலுக் பங்லிமா காராங்கில் தடையற்ற வாணிப மண்டலத்தின் ஆலைகள் நிற்கின்றன.

ஒரே காலப்பகுதியில் கடல் கடந்து வந்த இரு மக்கட் பிரிவினருள் ஒருவர் நிலமுடையவராகவும் மற்றவர் லயத்தவராகவும் ஆனதற்கு, ஊர் நினைவை மறவாமை, கள், சேமிப்பின்மை எனத் தமிழரின் குணம் சார்ந்த காரணங்களே மேடைகளிலும் கட்டுரைகளிலும் இன்றளவும் கூறப்படுகின்றன. சிறுதோட்டக்காரர் மீதும் இத்தகைய பழி சுமத்தப்பட்டதை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர்கள் மரத்தை அளவுமீறி வெட்டிப் பாழாக்குகின்றனர் என்று அதிகாரிகள் கூறிவந்தனர். 1930களின் தொடக்கத்தில் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பட்டை ஆய்வுகள் அக்கூற்றை மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் சட்டம் அவர்களுக்குச் சாதகமாக மாறவில்லை. குணத்தைப் பழித்தால் விதியை ஆராய வேண்டியதில்லை என்பதே இரு நிகழ்விலும் காணும் முறையாகும்.

நாவல்களும் நிலமும்

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ (1977) தோட்டத் தமிழரின் வாழ்வைத் தமிழகத்து வாசகர்க்கு அறிமுகம் செய்த நாவல். அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ (2005), சப்பானியர் ஆட்சி முடிந்தபின் வந்த கொந்தளிப்பான ஆண்டுகளை இவ்வட்டார ஆற்றங்கரையிலேயே வைத்துக் காட்டுவது. இவற்றைப் பற்றிய ஆய்வேடுகள் பலவும் வறுமை, ஒடுக்குமுறை, பெண்ணிலை, மொழிநடை என்னும் தலைப்புகளில் அமைகின்றன. நில உரிமை தனித்தலைப்பாக எழுவது அரிது. லங்காட் நதிக்கரை மாந்தரை நாம் அரசியலுக்கிடையே அகப்பட்டவர்களாக மட்டும் காண்கிறோம். அவர்கள் காலூன்றிய மண் எத்தகைய உரிமையில் அவர்களுக்கு அமைந்தது என்று வினவுவதில்லை.

இவ்வினாவைக் கதையின் நடுவே நிறுத்திய நாவல் ஒன்று ஆங்கிலத்தில் உள்ளது. கே. எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ (1981) நாவலில் பாட்டி பெரியதாய், தான் வாழ்ந்த மண் தனக்குரியதன்று என்னும் அறிவிப்பை எதிர்கொள்கிறார். தந்தை நைனா ஆற்றோரத்தில் வீடெழுப்பி, அதை விட்டு நீங்குமாறு ஆணை வரவே, வீட்டுக்குத் தீயிட்டு அதிலேயே மாய்கிறார். கதைக்களம் கெடா, பயிரும் வேறு. எனினும், உழைப்பு உரிமையாக மாறாமல் தடுக்கும் ஏட்டுச் சட்டத்தை மணியம் கதையின் இயக்கு விசையாகவே அமைத்துள்ளார். தமிழ்த் திறனாய்வாளர் இந்நாவலை அடையாளச் சிக்கல் என்னும் சொல்லால் கடந்துவிடுவது இழப்பாகும்.

திறனாய்வின் இக்குறைக்கு நூலக அடுக்கும் ஒரு காரணம். அரசரத்தினம், சந்து, ஜெயின் முதலியோரின் நூல்கள் இந்தியர் வரலாறு என்னும் பிரிவில் உள்ளன. பாவர், லிம் டெக் கீ, டிராபிள் முதலியோரின் நூல்கள் வேளாண் பொருளியலில் உள்ளன. இலக்கிய ஆய்வாளர் முதற்பிரிவோடு நின்றுவிடுவதால், தொழிலாளியின் கூலி தெரிகிறது. அவன் ஏன் கூலியாகவே நிற்க நேர்ந்தது என்பது தெரிவதில்லை.

உப்பும் இரப்பரும்

ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1930இல், திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்தனர். நாமக்கல் கவிஞர் அதற்கு வழிநடைப் பாடல் எழுதினார். உப்புத் தடை இலக்கியமாயிற்று. இரப்பர் நடவுத் தடை ஆகவில்லை. உப்பு எல்லார் உலையிலும் இடப்படுவது. கடற்கரையில் எவரும் அள்ளக்கூடியது. இரப்பர்த் தடையோ நில அலுவலகத்திலும் கூப்பன் ஏட்டிலும் செயற்பட்டது. நிலமே இல்லாத தொழிலாளி அதனைத் தன்மீது விழுந்த தடையாக உணர வாய்ப்பிருக்கவில்லை. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளாக ஆய்வாளர் எடுத்துக்காட்டுவனவற்றுள் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரைமார் முன் மிதிவண்டியை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியவை உள்ளன, நிலம் இல்லை. கேட்கவும் தோன்றாத அளவிற்கு அது தொலைவில் இருந்தது.

எதிர்க்கருத்தும் விடையும்

கட்டுப்பாடு விலையை உயர்த்தியது, தோட்டங்களை மூடாமற் காத்தது, அதனால் தொழிலாளரும் பிழைத்தனர் என்று கூறலாம். இதில் உண்மை உண்டு. மந்த காலத்தில் தமிழர் பெருந்தொகையாகத் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டதை எவரும் மறவார். ஆனால் விலை காக்கப்பட்ட முறையில், வருங்கால இழப்பு மரமில்லாதவர் மீது வைக்கப்பட்டது. நடவுத் தடை ஒன்றே தமிழரின் நிலமின்மைக்குக் காரணம் என்றும் நாம் கூறவில்லை. கங்காணி முறையும், லயக் குடியிருப்பும், குறைகூலியும் முன்னரே அமைந்தவை. அவற்றிலிருந்து வெளியேறக்கூடிய வாயில்களுள் ஒன்றை அத்தடை அடைத்தது என்பதே எம் கருத்து. அது மலாய், சீனச் சிறுதோட்டக்காரரையும் தாக்கியதால், இன வரலாறுகளைத் தனித்தனியே எழுதும் வழக்கத்தையும் இவ்வினா மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

வாயில் முற்றாக அடைபடவில்லை என்பதற்குச் சான்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டி அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. சேமிக்கத் தெரியாதவர் எனப் பழிக்கப்பட்டோர், நிலம் வாங்க வழி கிடைத்தவுடன் சேமித்தனர். குணம் சார்ந்த விளக்கத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

முடிவுரை

தோட்ட நாவலை ஆராயும் மாணவர், கதைமாந்தர் என்ன வேலை செய்தனர் என்பதோடு, என்ன செய்ய அவர்களுக்குச் சட்டம் இடந்தரவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும். கதை நிகழும் ஆண்டில் நிலச்சட்டம் எந்நிலையில் இருந்தது என்பதை ஆய்வேட்டின் முதல் இயலிலேயே நிறுவுதல் நலம். அவ்வாறு செய்யின், பால்மரம் இரக்கத்திற்குரிய படிமம் என்னும் நிலையிலிருந்து மீண்டு, உரிமை பற்றிய வழக்கில் சான்றுப்பொருளாக விளங்கும்.