லேக் மார்க்கெட் தமிழரும் படாபஜார் மார்வாரிகளும்: ஒப்பீட்டு நெறி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

குடிபெயர்ந்தோர் வழிவந்த இரு சமூகங்களை அருகருகே நிறுத்தி, எது வளர்ந்தது, எது தேய்ந்தது எனக் கணிப்பது சமூக ஆய்வில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையாகும். கொல்கத்தாவில் இவ்வொப்பீட்டிற்கு அடிக்கடி இலக்காகும் இரு சமூகத்தார், தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வேரூன்றிய தமிழரும், வடக்கே படாபஜாரில் காலூன்றி நகரெங்கும் பரவிய மார்வாரிகளும் ஆவர். முன்னவர் கல்வியால் வந்தனர். மூன்று தலைமுறைக்குள் அருகினர். பின்னவர் வணிகத்தால் வந்தனர். நகரின் தொழில்துறையையே கைக்கொண்டனர். பொதுவாகச் சொல்லப்படும் முடிவு இதுவே. இதிலிருந்து, தமிழர் துணிவற்ற சம்பளக்காரர், மார்வாரிகள் இயல்பிலேயே வணிகர் என்ற கருத்தும் எளிதாகப் பிறந்துவிடுகிறது. இம்முடிவு எத்தகைய அளவுகோலால் பெறப்பட்டது, அவ்வளவுகோல் இரு சமூகத்தார்க்கும் பொதுவானதுதானா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டின் அலகுகள்

ஒப்பிடப்படும் பொருள்கள் வரையறுக்கப்பட்டவையாக இருத்தல் ஒப்பாய்வின் முதல் நெறி. இங்கு அந்நெறியே வழுவுகிறது. ‘மார்வாரி’ என்னும் பெயர் மார்வார் நிலத்தாரை மட்டும் குறிப்பதன்று. கொல்கத்தா மார்வாரிகளுள் பெரும்பாலோர் இராசத்தானத்தின் சேகாவதிப் பகுதியினர். அகர்வால், மகேசுவரி, ஓசுவால் முதலிய பல பிரிவினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மார்வாரியை இந்தியின் கீழ் அடங்கும் தாய்மொழியாகவே பதிவு செய்கிறது. தம் மொழியை இந்தி என்றே எழுதிக்கொடுக்கும் மார்வாரிக் குடும்பம் அக்கணக்கில் புலப்படுவதில்லை. தமிழரோ தனிமொழியினராகக் கணக்கில் நிற்கின்றனர். ஆனால் வீட்டில் வங்காளம் பேசத் தொடங்கிய மூன்றாந் தலைமுறையினர் அக்கணக்கிலிருந்து நழுவக்கூடும்.

தமிழர் என்ற பெயருக்குள்ளும் பல அடுக்குகள் உண்டு. லேக் மார்க்கெட் என்றதும் நினைவுக்கு வருவோர் அரசுக் கணக்கு அலுவலகங்களிலும் ஆங்கிலேய வணிக நிறுவனங்களிலும் பணிபுரிந்த எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர் குடும்பத்தினர். அவர்களுள் பிராமணர் மிகுதி. அவர்களுக்குச் சமைத்தவர்களும் பூவும் வாழையிலையும் விற்றவர்களும் ‘தமிழர்’ என்ற தொகைப்பெயரில் இருந்தும் ஒப்பீட்டில் இடம்பெறுவதில்லை. அதேபோல் பெருவணிகர் நிழலில் வாழ்ந்த குமாஸ்தாக்களும் சிறுகடைக்காரர்களும் மார்வாரி வரலாற்றில் மங்கிவிடுகின்றனர். ஆகவே, ஒப்பிடப்படுவன இரு சமூகங்கள் அல்ல. ஒன்றன் நடுத்தட்டும் மற்றொன்றன் மேல்தட்டுமே ஆகும்.

இரு நுழைவாயில்கள்

மார்வாரிகளின் பெருவரவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரைவுற்றது. 1860களில் தில்லியும் ஹௌராவும் இருப்புப்பாதையால் இணைந்தமை இதற்குத் துணைசெய்தது. இறக்குமதித் துணி வணிகத்தில் ஐரோப்பிய நிறுவனங்களின் தரகர்களாக அமர்ந்த இவர்கள், முதல் உலகப் போர்க்காலத்துச் சணல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினர். 1919இல் கன்சியாம்தாசு பிர்லா சணல் ஆலை தொடங்கியமை, தரகு வணிகம் தொழிலாக மாறியதன் அடையாளமாகும். இவ்வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்த தாமஸ் டிம்பர்க் (1978), ‘பாசா’ என்ற கூட்டு உணவகத்தின் பங்கை வலியுறுத்துகிறார். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞனுக்கு உணவும் உறைவிடமும் தந்த அவ்விடமே, சந்தை விலையும் கடன் நம்பகமும் கைமாறும் இடமாகவும் இருந்தது.

தமிழர் வந்த வாயில் வேறு. சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்றோர் தொகை, அங்குக் கிடைத்த அரசுப் பணியிடங்களை விஞ்சியபோது, தேர்வெழுதி வெளியூர்ப் பணிக்குச் செல்லும் வழக்கம் பிறந்தது. 1907இல் நிதித்துறை அலுவலராகக் கொல்கத்தா வந்த சர் சி.வி. இராமன் இவ்வழியின் புகழ்மிக்க சான்று. அவர் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆய்வு செய்து, 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1933இல் பெங்களூருக்குச் சென்றார். அவரைப் போன்ற அறிஞர் ஒருவர் என்றால், அதே வழியில் வந்த பெயரறியா எழுத்தர் பலராவர். 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னும் வணிக நிறுவனங்களின் தலைமையகங்கள் கொல்கத்தாவிலேயே இருந்தமையால் இவ்வரவு நிற்கவில்லை. நகர மேம்பாட்டு அறக்கட்டளை தெற்கே ஏரி தோண்டிப் புதுத் தெருக்கள் அமைத்தபோது, இராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய பகுதி இவர்தம் குடியிருப்பாயிற்று. கோமள விலாஸ் போன்ற உணவகங்களும், தென்னிந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற நேஷனல் உயர்நிலைப் பள்ளியும், இரசிக ரஞ்சன சபையும் அவ்வாழ்வின் தூண்களாக விளங்கின.

இங்கு ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. படாபஜாரின் பாசாவும் லேக் மார்க்கெட்டின் ‘மெஸ்’ஸும் ஒரே பணியைச் செய்தவை. இரண்டும் ஊரார்க்கு ஊரார் சோறிட்ட இடங்கள். இரண்டும் செய்தி பரிமாறிய இடங்கள். பாசாவில் பரவிய செய்தி எவனுக்குக் கடன் தரலாம் என்பது. மெஸ்ஸில் பரவிய செய்தி எந்த அலுவலகத்தில் இடம் காலி என்பது. அமைப்பு ஒன்றே, அது திறந்த கதவு வேறு. எனவே, கூடிவாழும் பண்பு ஒரு சமூகத்திற்கு இருந்தது, மற்றதற்கு இல்லை என்ற விளக்கம் பொருந்தாது.

பண்பாட்டு விளக்கமும் அதன் குறையும்

சமயமும் பண்பாடும் பொருளியல் நடத்தையை வடிவமைக்கின்றன என்ற மாக்ஸ் வெபரின் சிந்தனை இவ்வகை ஒப்பீடுகளின் தோற்றுவாய் எனலாம். புலம்பெயர்ந்தோர் தம்முடன் சுமந்துசெல்லும் பண்பாட்டு மூலதனமே அவர்தம் ஆக்கத்தை அறுதியிடுகிறது என்று தாமஸ் சோவெல் (1996) உலகளாவிய சான்றுகளைக் கொண்டு வாதிட்டார். இவ்வாதத்தில் உண்மையே இல்லை எனல் இயலாது. எழுத்தறிவும் கணக்கறிவும் சுமந்துசெல்லப்படும் செல்வங்களே. ஆயினும் இவ்விளக்கத்தைத் தமிழர்பால் பொருத்தும்போது சிக்கல் எழுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழர் மூன்று திசைகளில் சென்றனர். கொல்கத்தாவில் எழுத்தராயினர். பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் வழங்குவோராயினர். கீழைப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, பொருளியல் வீழ்ச்சியால் கடன்கள் திரும்பாமற்போக, 1938இல் 25 விழுக்காடாயிற்று. மலாயாவில் கங்காணி முறையில் சென்ற தமிழர் தோட்டக் கூலிகளாயினர்; 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அவ்வழி திறந்திருந்தது. மொழி ஒன்று, வழிபாடும் பெரிதும் ஒன்று; விளைவுகளோ மூன்று. தமிழ்ப் பண்பாடு வணிகத்திற்கு ஒவ்வாதது எனின் செட்டியாரை விளக்க இயலாது. கல்விக்கு உகந்தது எனின் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாகக் கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டமையை விளக்க இயலாது.

சாதியே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என மறுமொழி கூறப்படலாம். அது ஓரளவு சரியே. ஆனால் அதனை ஏற்றால் ‘தமிழர்’ என்ற ஒப்பீட்டு அலகு கலைந்துவிடுகிறது. சாதியும் இங்கு மனப்பான்மையாக அன்றி, நிலம், கல்வி, கடன் ஆகியவற்றை எட்டும் உரிமையாகவே செயற்பட்டது. செட்டியாரும் மார்வாரியும் ஒத்திருப்பது பண்பாட்டால் அன்று. உறவுவழிக் கடன் வலையால். எழுத்தரும் கூலியும் வேறுபடுவது உழைப்பு மனத்தால் அன்று. கப்பலேறுமுன் கையிலிருந்த சான்றிதழால்.

வீழ்ச்சி, விரிவு: ஒரே இயக்கத்தின் இரு பெயர்கள்

1952 முதல் நடைமுறைக்கு வந்த சரக்குக் கட்டணச் சமன்முறை நிலக்கரிக்கும் எஃகுக்கும் அண்மையில் இருந்த கிழக்குப் பகுதியின் இயற்கை நலனைக் குறைத்தது. 1960களின் பிற்பகுதியில் தொழிற்பூசல்களும் அரசியல் கொந்தளிப்பும் மிகுந்தன. நிறுவனங்கள் தலைமையகங்களை மும்பைக்கும் தில்லிக்கும் மாற்றின. சுருக்கெழுத்தர்க்கும் கணக்கர்க்கும் இருந்த இடங்கள் சுருங்கின. லேக் மார்க்கெட் குடும்பத்துப் பிள்ளைகள் பொறியியலும் பட்டயக் கணக்கும் பயின்று சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர். இச்செலவை ஆய்வாளர் ‘கொல்கத்தாத் தமிழரின் வீழ்ச்சி’ என்கின்றனர்.

இதே காலத்தில் மார்வாரி முதலும் நகரைவிட்டு நகர்ந்தது. ஆதித்ய விக்ரம் பிர்லா 1969இல் தாய்லாந்தில் ஆலை தொடங்கினார். வேறு பல குழுமங்களின் புதிய முதலீடுகள் மேற்கு இந்தியாவை நாடின. இதனை ஆய்வுலகம் ‘விரிவு’ என்கிறது. வாய்ப்புக் குறைந்த நகரிலிருந்து வாய்ப்பு மிகுந்த இடத்திற்குச் செல்லல் என்ற ஒரே செயல், முதலாக நகரும்போது வளர்ச்சியாகவும் மனிதராக நகரும்போது தேய்வாகவும் எண்ணப்படுகிறது. மார்வாரியின் ஆக்கத்தைக் கணிக்கக் குழுமத்தின் மொத்தச் சொத்து, அது எங்கிருப்பினும், கணக்கில் கொள்ளப்படுகிறது. தமிழரின் ஆக்கத்தைக் கணிக்க லேக் மார்க்கெட்டில் எஞ்சியோர் மட்டுமே எண்ணப்படுகின்றனர். இவ்வொப்பீட்டின் அடிப்படை வழு இதுவே. சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் எழுதிய ‘தமிழ்ப் பிராமணர்’ பற்றிய நூல் (2014) இவ்வகையில் பயனுடையது. ஊரில் நின்றோரை மட்டும் காணாது, திப்பிராஜபுரத்திலிருந்து சென்னைக்கும் அமெரிக்காவிற்கும் சென்றவர்களையும் அது பின்தொடர்கிறது. கொல்கத்தா ஆய்வுக்கும் அவ்வணுகுமுறை தேவை.

சந்தாவும் அறக்கட்டளையும்

எனினும் உண்மையான இழப்பு ஒன்று உண்டு. அது பொருளியல் இழப்பன்று, நிறுவன இழப்பு. லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், சதர்ன் அவென்யூவில், பிர்லா கலை பண்பாட்டுக் கழகம் 1967 முதல் நிலைபெற்றுள்ளது. இந்திய மொழிகளுக்கான பாரதீய பாஷா பரிஷத் 1975இல் மார்வாரிப் புரவலர்களால் நிறுவப்பட்டது. இவை நிலமும் கட்டடமும் வைப்புநிதியும் உடையவை. தமிழர் அமைப்புகளோ உறுப்பினர் சந்தாவால் வாழ்பவை. சம்பளக்காரர் மாதந்தோறும் தரக்கூடியது சந்தாவே. வணிகர் ஒருமுறை தரக்கூடியது அறக்கட்டளை. உறுப்பினர் ஊர் மாறினால் சந்தா நின்றுபோகும். கொடையாளர் ஊர் மாறினும் அறக்கட்டளை நிற்கும். எனவே, தமிழர்க்குத் தம் மொழியின்பால் பற்றுக் குறைவு என்பதினும், வருவாயின் வடிவமே நிறுவனத்தின் ஆயுளை அறுதியிட்டது என்பதே பொருத்தமாகும்.

மறுபுறம், மொழிப் பாலமாக நின்றதில் இச்சிறு சமூகத்தின் பங்கு பெரிது. கொல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்த்யோபாத்யாயரின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ முதலிய வங்கப் படைப்புகளைத் தமிழுக்குக் கொணர்ந்தார். இத்தகைய ஆக்கத்தை அளக்கும் பத்தி எந்தப் பொருளியல் அட்டவணையிலும் இல்லை.

இலக்கியச் சான்று

வெற்றி பெற்றதாகக் கருதப்படும் சமூகம் தன்னைப் பற்றி என்ன கூறுகிறது என்பதும் சான்றாகும். அல்கா சராவகியின் ‘கலிகதா: வாயா பைபாஸ்’ (1998) என்னும் இந்திப் புதினம் 2001ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதய அறுவைக்குப் பின் கொல்கத்தாத் தெருக்களில் அலையும் முதிய மார்வாரி கிஷோர் பாபுவே அதன் தலைமை மாந்தர். அவர் நினைவில் எழுவன இலாபக் கணக்குகள் அல்ல. பல தலைமுறையாக வாழ்ந்தும் அயலாராகவே நோக்கப்பட்ட உறுத்தலும், இளமையில் கைவிட்ட இலட்சியங்களும், 1943இன் வங்கப் பஞ்சமுமே ஆகும். பொருளால் வென்ற சமூகம் நகரின் ஐயப்பார்வையைச் சுமந்தது. பொருளால் நகரை அச்சுறுத்தாத தமிழர் அத்தகைய வெறுப்பிற்குப் பெரிதும் ஆளாகவில்லை. சமூக ஏற்பு என்னும் அளவுகோலால் நோக்கின் வரிசை தலைகீழாகலாம். தில்லித் தமிழர் வாழ்வுக்கு ஆதவன், இந்திரா பார்த்தசாரதி ஆகியோரின் புனைகதைகள் சான்றாவது போல, லேக் மார்க்கெட் வாழ்வுக்கான கடிதங்களும் சபை மலர்களும் குடும்ப நினைவுகளும் தொகுக்கப்படின் இவ்வொப்பீடு முழுமை பெறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. வரையறை ஒவ்வாத இரு தட்டுகளே இரு சமூகங்களாக ஒப்பிடப்பட்டுவந்துள்ளன. விளைவின் வேறுபாட்டிற்கு நுழைவாயிலும் கடன் வலையும் வருவாயின் வடிவமும் தரும் விளக்கத்தைப் பண்பாடு தருவதில்லை. முதலை அது சென்ற இடமெல்லாம் எண்ணி, மனிதரை நின்ற இடத்தில் மட்டும் எண்ணும் கணக்கு நேரியதன்று.

இது கொல்கத்தாவோடு முடியும் சிக்கலன்று. ஆக்கத்தைப் பண்பாட்டின் பரிசாகக் கொள்ளும் ஆய்வு, அடுத்த அடியில் வறுமையைப் பண்பாட்டின் தண்டனையாகக் கொள்ளும். கொல்கத்தாத் தமிழரைத் துணிவற்றவர் என்னும் அதே தருக்கம், மலாயாத் தோட்டத் தமிழரை முயற்சியற்றவர் என்று கூறத் தயங்காது. லேக் மார்க்கெட்டின் பழைய அங்காடிக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. அதனருகே எஞ்சியோரை எண்ணுவது எளிது. சென்றோரையும் சேர்த்து எண்ணுவதே ஆய்வாளர் கடனாகும்.