இரட்சணிய யாத்திரிகத்தில் தன்மறுப்பு

முன்னுரை

திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்களுள் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) குறிப்பிடத்தக்கவர். திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த இவர், 1858இல் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை உருவகக் கதையைத் தழுவி இவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' முதலில் 'நற்போதகம்' இதழில் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. 'கிறித்தவக் கம்பர்' என்னும் புகழுரை இவருடைய நடைச் சிறப்பை உணர்த்துகிறது. எனினும், அவ்வொப்பீட்டோடு நின்றுவிடின் காப்பியம் எழுப்பும் அறச்சிக்கல் கவனம் பெறாது போகும்.

தன்மீட்பா, தன்மறுப்பா?

பனியனின் கதைத் தலைவன் அழிவுக்கு அஞ்சி, மனைவி மக்களை விட்டு, அவர்கள் அழைக்கும் குரல் கேளாதவாறு செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள விழையும் ஒருவனின் பயணம் தன்னலமற்ற வாழ்வுக்கு எங்ஙனம் சான்றாகும் என்னும் வினா இங்கு எழுகிறது. அச்சத்தில் தோன்றும் மனமாற்றம் புதுவாழ்வாகாது. அது தன்னலத்தின் மற்றொரு வடிவமாகவே நின்றுவிடக்கூடும்.

இவ்வினாவுக்குக் குமார பருவத்தில் விடை கிடைக்கிறது. மூலக்கதையில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது; தலைவனின் சுமை அங்கு நீங்குவதோடு கதை மேற்செல்கிறது. கிருஷ்ணபிள்ளையோ இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கிறார். பகைவர் இகழவும் வருத்தவும் மறுமொழியின்றி நிற்கும் இயேசுவைப் பிணித்தது கயிறன்று, மாந்தர்மீது அவர் கொண்ட அன்பே எனக் கவிஞர் காட்டுகிறார். ஆற்றல் இருந்தும் அதனைத் தமக்கெனப் பயன்கொள்ளாமையே இங்குத் தன்மறுப்பாகிறது. இவ்விரிவாக்கத்தால் பயணத்தின் உந்துதலே மாறுகிறது. அச்சத்தால் தொடங்கிய ஓட்டம் நன்றியால் தொடரும் நடையாகிறது. இறைவனின் எளிவந்த தன்மையில் உருகும் வைணவ பக்தி மரபில் வளர்ந்த கவிஞருக்கு இவ்விடம் இயல்பாகக் கைவந்துள்ளது எனலாம்.

நிதான பருவம் இதன் தொடர்ச்சியாகும். உடன்பயணியான நிதானி மாயாபுரியில் உண்மையின் பொருட்டு உயிர்நீக்கிறான். உயிரைக் காக்கப் புறப்பட்டோருள் ஒருவனே உயிரைக் கொடுப்பது, யாத்திரை எத்தகைய மாற்றத்தை விளைவிக்கிறது என்பதைக் காட்டுகிறது.

காப்பியத்தின் எல்லை

எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. கிருஷ்ணபிள்ளை பணியாற்றிய திருவிதாங்கூரில், தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859இல் அரச ஆணை பிறந்தது. அங்குச் சமயமாற்றம் அகநிகழ்வாக மட்டும் அமையாது, ஒடுக்கப்பட்டோரின் மானம் பற்றியதாகவும் இருந்தது. காப்பியத்தின் உருவகப் பாங்கு இதற்கு நேரடியாக இடம் தரவில்லை. பயணியர் ஒருவரையொருவர் தாங்குகின்றனர். ஆனால் வழியோரத்து எளியவரை நோக்கி அவர்தம் பாதை போதிய அளவு திரும்பவில்லை.

முடிவுரை

மீட்பு என்பது பெறும் பேறு மட்டுமன்று, பிறர்பொருட்டுத் தன்னை இழத்தலுமாம் என்பதைக் குமார பருவமும் நிதான பருவமும் இணைந்து உணர்த்துகின்றன. அவ்வுணர்வு சமூகத்தில் செயலாகும் இடத்தைக் காப்பியம் முழுமையாகக் காட்டாது விடுத்துள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதே இக்காப்பியத்துக்குச் செய்யும் நேர்மையான திறனாய்வாகும்.