பறவை பெரிதாகத் தெரிந்தால் போதுமா?

நாட்காட்டிகளிலும் கண்காட்சிகளிலும் நாம் காணும் பறவைப் படங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. சட்டம் நிறையப் பறவை. எண்ணிவிடலாம் போன்ற இறகுகள். பின்புறம் முழுதும் கலங்கிய பச்சை நிறம். “எவ்வளவு அருகில் தெரிகிறது!” என்று பாராட்டுகிறோம். அறிவியல் மாணவர் கேட்க வேண்டியது வேறு. இப்படம் பறவையைப் பற்றி என்ன சொல்கிறது? எதை மறைக்கிறது?

டெலிபோட்டோ லென்சின் பணியை முதலில் பார்ப்போம். 16 செ.மீ. நீளமுள்ள சிறு மீன்கொத்தி ஒன்று 20 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கிறது. குவியத் தூரம் 50 மி.மீ. உள்ள லென்சில் அதன் பிம்பம் 0.4 மி.மீ.; 500 மி.மீ. லென்சில் 4 மி.மீ. பிலிம் சட்டமோ 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. முழுச்சட்ட டிஜிட்டல் காமிராவுக்கும் இதே அளவுதான். எனவே, இத்தனை பெரிய லென்சிலும் பறவை சிறிதாகவே விழும். பிம்பம் 16 மி.மீ. ஆக வேண்டுமானால், படம் எடுப்பவர் 5 மீட்டர் அருகே வந்தாக வேண்டும்.

“டெலிபோட்டோவில் எடுத்தது, பறவைக்குத் தொல்லையில்லை” என்ற வாதத்தை இந்தக் கணக்கால் சோதிக்கலாம். எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் கணக்கு மாறும், உண்மை. வெட்டாத படமானால் தொலைவு தப்பாது. கூட்டுக்கு மீன் கொண்டுவரும் பறவையின் எதிரே 5 மீட்டரில் ஒருவர் நின்றால், குஞ்சின் உணவு தடைப்படலாம்.

அடுத்த குறை, இடம் மறைந்துபோவது. 500 மி.மீ. லென்சை எஃப் 5.6 துளையில் வைத்து 5 மீட்டரில் குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. கரை, நாணல், நீர் யாவும் கரைந்துவிடும். அந்த மீன்கொத்தி வாழ்வது ஏரியிலா, வாய்க்காலிலா, சாக்கடை ஓரத்திலா? அழகிய பச்சைத்திரை விடை சொல்லாது.

மூன்றாவது குறை, நெருக்கம் என்னும் தோற்றம். ஒன்றன்பின் ஒன்றாக 10 மீட்டர் இடைவெளியில் ஒரே அளவுள்ள இரு கூடுகள் உள்ளன எனக் கொள்வோம். முன்கூட்டிலிருந்து 10 மீட்டரில் நின்றால் பின்கூடு பாதியளவாகத் தெரியும். 100 மீட்டரில் நின்றால் வேறுபாடு பத்தில் ஒரு பங்குகூட இராது. இரண்டும் ஒட்டியிருப்பதாகவே தோன்றும். இது லென்சின் மாயம் அன்று, தொலைவின் விளைவு. லென்சு அதனைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு கூடுகளின் நெருக்கத்தை மதிப்பிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பழைய முறையே மேலா? அன்று. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். பின்னர் பொய்மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்தும் எடுத்தனர். 1895-இல் வெளிவந்த அவர்களது நூலில் கூட்டோடு அதன் சூழலும் தெரிந்தது. அது அவற்றின் பெருமை. ஆனால் அம்முறையில் கூட்டை மிக நெருங்க வேண்டியிருந்தது. அந்நாட்டின் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் கூட்டருகே ஆந்தை ஒன்று தாக்கியதில் ஒரு கண்ணையே இழந்தார். தொலைவில் நிற்கும் வசதியைத் தந்த டெலிபோட்டோ, பறவைக்கும் மனிதனுக்கும் நன்மையே.

குறை கருவியில் இல்லை. அதைப் பயன்படுத்தும் நோக்கத்தில் இருக்கிறது. விலகி நிற்பதற்காக வந்த லென்சை, இன்னும் பெரிதாகக் காட்டுவதற்காக மட்டும் பயன்படுத்துகிறோம். பரிசளிப்போரும் பெரிய பறவைக்கே பரிசளித்தால், நெருங்கும் ஆசை வளரத்தான் செய்யும். கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று சில போட்டிகள் விதித்திருப்பது நல்ல தொடக்கம்.

சட்டத்தில் ஆறில் ஒரு பங்கே பறவை இருந்தாலும், அது உண்ணும் நீர்நிலையும் அமரும் கிளையும் தெரியும் படமே என் மதிப்பில் உயர்ந்தது. படத்தின் கீழே குவியத் தூரம், தொலைவு, மாதம், வாழிடம் ஆகிய நான்கையும் குறித்தால் அது சான்றாகவும் பயன்படும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியிடாதிருப்பது நலம். அடுத்த முறை ஒரு பறவைப் படம் கையில் கிடைத்தால், வியப்பதற்கு முன் மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.