மணத்தி கணேசனுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது. தென் மாவட்டச் சாதி மோதல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் முதலில் வருகிற ஊர்ப்பெயர்களில் ஒன்று அது. அதே 1995ஆம் ஆண்டு அர்ஜுனா விருதுப் பட்டியலில் அதே தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார்: கபடி வீரர் மணத்தி பி.கணேசன். முந்தைய ஆண்டு ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சினிமா தானாக எழுந்து நடக்கும். இயக்குநர் மாரி செல்வராஜும் அதே மாவட்டத்துக்காரர்தான். 2025 அக்டோபரில் வந்த அவருடைய 'பைசன்' படம், கணேசனின் வாழ்க்கையைத் தழுவி எடுத்தது. அதில் துருவ் விக்ரம் நடித்த கிட்டான் பாத்திரத்தை நானும் ரசித்தேன். ஆனால் படத்துக்குப் பிறகு வந்த கட்டுரைகள்தான் உறுத்தின. பட்ட அடிதான் அவரை வீரராக்கியது என்று ஆளுக்கு ஆள் எழுதிவிட்டார்கள். அடிபட்டால் மெடல் கிடைக்கும் என்றால் எங்கள் தென் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு அர்ஜுனா தொங்க வேண்டும். தொங்கவில்லையே.

சிலர் அவரை 'முத்துக்குளித்துறை தந்த வீரர்' என்றும் எழுதினார்கள். அவருடைய ஊரான மணத்தி கடற்கரை ஊர் இல்லை. தாமிரபரணி பாயும் விவசாய வட்டாரம். அந்த ஆறு புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போய்க் கிடக்கிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். கணேசன் களத்துக்கு வந்த காலத்தில் முத்தும் இல்லை, குளிப்பும் இல்லை. என்றாலும் ஒரு விஷயத்துக்காக அந்தத் தொழிலை இங்கே இழுக்கலாம். முத்துக் குளிக்கிறவரும் கபடி பாடிப் போகிறவரும் ஒரே மூச்சை நம்பி இறங்குகிறவர்கள். குளிக்கிறவருக்கு மேலே படகில் கயிறு பிடித்து நிற்க ஒரு ஆள் உண்டு. அவர் சரியான நேரத்தில் இழுக்காவிட்டால், கீழே இருப்பவர் எத்தனை பெரிய தீரனாக இருந்தாலும் பயனில்லை. கணேசன் கதையில் அந்தக் கயிறு யார் கையில் இருந்தது? சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் கையிலும், பிறகு தமிழ்நாடு மின்சார வாரியத்தின் கையிலும்.

கபடியின் ஆட்டக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப் போகிறவர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் கோட்டைத் தாண்டியாக வேண்டும். இன்றைய விதியில் அதற்கு 30 விநாடி. கால் வேகமும் துணிச்சலும் இருந்தால் பதினெட்டு வயதுப் பையன்கூட பாடிப் போய்ப் பெயர் வாங்கிவிடலாம். கோயில் கொடையிலும் பொங்கலிலும் நடக்கிற மின்னொளிக் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ராத்திரி முழுக்க ஆட்டம், விடியும்போது கோப்பையும் ரொக்கமும். ரொக்கத்தை ஏழெட்டுப் பேர் பிரித்தால் கைக்கு வருவது கொஞ்சம்தான்.

பாடி வருகிறவரைப் பிடிப்பது அப்படியில்லை. கார்னரில் நிற்கிறவர் கணுக்காலுக்குக் குனிய வேண்டிய அந்த ஒரு கணம், குனிந்ததும் கவரில் நிற்கிறவர் மேலே விழ வேண்டிய அடுத்த கணம் – இந்தப் பொருத்தம் ஒரே ஆட்களோடு பல வருஷம் ஆடினால்தான் உடம்பில் ஏறும். தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பாட்னா அணிக்குத் தலைவராகி 2016இல் புரோ கபடி லீக் கோப்பையை வாங்கியது தற்செயல் இல்லை. நீண்ட காலம் களத்தில் நிற்கிறவருக்குப் பலன் கொடுக்கிற ஆட்டம் இது. ஆனால் பகலில் கூலிக்குப் போய்விட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற பையன் எத்தனை வருஷம் நிற்பான்? முட்டி விலகினால் அன்றோடு கூலியும் போச்சு, ஆட்டமும் போச்சு.

மில் அணியும் வாரிய அணியும் மாற்றியது இதைத்தான். மாதச் சம்பளம், போட்டிக்குப் போக விடுப்பு, அடிபட்டால் படுத்துக்கொள்ள ஒரு வேலை. இன்னொன்றும் உண்டு. அதை நம்மூர் அலசல்களில் அதிகம் பார்ப்பதில்லை. ஊர் அணியின் பனியனில் ஊர்ப்பெயர் இருக்கும். 90களின் தென் மாவட்டத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னாலே எதிரே நிற்கிறவன் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவான். அப்படிப்பட்ட காலத்தில் அடுத்த ஊருக்குப் போட்டிக்குப் போய்விட்டு ராத்திரி முழுசாக வீடு திரும்புவதே பெரிய காரியம். மில் பனியனிலும் வாரியப் பனியனிலும் அந்தக் கணக்குக்கு இடம் இல்லை. பனியன் மாறினால் மனசும் மாறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யார் எந்தத் தெரு என்று கேட்காமல் யாருக்கு எத்தனை புள்ளி என்று கேட்கிற ஒரு தேர்வு அங்கேதான் நடக்க முடிந்தது.

புரோ கபடி வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி. அந்த சீசன் முழுக்க வெளியே. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.60 கோடிக்கு மேல் கொடுத்து அவரை எடுத்தது. சந்தோஷம். ஆனால் பவன் ரயில்வே வீரர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலம் கைவிட்டாலும் அவருக்குச் சம்பளம் வரும். சில லட்சத்துக்கு ஏலம் போகிற நம்மூர்ப் பையனுக்கு முட்டி போனால் அடுத்த சீசனில் கூப்பிட ஆள் இருக்காது.

கயிறு பிடிக்க ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இதே மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி இருக்கிறது. அங்கே ஹாக்கிக்கு அரசு விளையாட்டு விடுதி, செயற்கைப் புல் மைதானம் எல்லாம் உண்டு. 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குள் நுழைந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அவரோடு நுழைந்து பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்ட கார்த்தி செல்வம், அரியலூரிலிருந்து அந்த விடுதிக்கு வந்து பயின்றவர். இரண்டு பேரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. விடுதியில் சாப்பாடும் மைதானமும் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் கிடைத்தன.

கபடிக்கு வருவோம். 'பைசன்' திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் வடுவூர் அபினேஷும் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆடினார்கள். தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. நல்லது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக் கதவைத் தட்டவே மெடல் வேண்டும். மெடலுக்கு முந்தைய ஐந்தாறு வருஷத்துக்குச் சோறு போடுவது யார்? சன் பேப்பர் மில் போன்ற அணிகள் செய்த வேலை அதுதான். கையில் மெடல் இல்லாத ஆட்டக்காரனை வேலைக்கு எடுத்தார்கள்.

தூத்துக்குடியில் வேலை கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. 1974இல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகம் இருக்கிறது. கணேசனுக்கு வேலை கொடுத்த அதே மின்துறையின் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஸ்பிக் உர ஆலை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் திறந்தாயிற்று. இவர்களில் யாராவது ஒருவர் பன்னிரண்டு பையன்களை எடுத்து, காலை இரண்டு மணி நேரம் பயிற்சி, மீதி நேரம் வேலை என்று ஒரு கபடி அணி நடத்தினால் ஆகிற செலவு, புரோ கபடி ஏலத்தில் ஒரே ஒரு நட்சத்திர வீரருக்குக் கொட்டுகிற பணத்துக்குள் அடங்கிவிடும்.